தமிழ்நாட்டுக் கூடலூரிலிருந்து முதுமலை, பந்திப்பூர் காடு வழியாகக் கர்நாடகத்தின் குண்டல்பேட்டைக்குப் போகும் சாலையில் ஒரு கல்லில் 67, அடுத்த பலகையில் 181 என்று இருக்கிறதே, எது சரி? இரவு 9 மணிக்கு மேல் வண்டி போகக்கூடாது என்ற பலகை கட்டாயமா, வெறும் எச்சரிக்கையா?

எண் இரண்டும் ஒரே சாலைக்குத்தான். 9 மணிப் பலகை கட்டாயம்.

முதலில் எண்ணைப் பார்ப்போம். 2010-இல் நாடு முழுக்க தேசிய நெடுஞ்சாலைகளுக்கு எண் மாற்றினார்கள். அதற்கு முன் நாகப்பட்டினத்தில் தொடங்கி திருச்சி, கரூர், கோவை, ஊட்டி, கூடலூர் வழியாக குண்டல்பேட்டை வரை போன மொத்த நீளத்துக்கும் 67 என்ற ஒரே எண். மாற்றத்துக்குப் பிறகு கோவை–குண்டல்பேட்டைத் துண்டு தனியாக 181 ஆனது. மூன்று இலக்க எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலை, முதல் இலக்கம் கிளை. ஆக இது கோவை–திருச்சி–சிதம்பரம் போகும் 81-இன் கிளை. கோழிக்கோட்டிலிருந்து சுல்தான் பத்தேரி, முத்தங்கா வழியாக இதே பந்திப்பூர் காட்டுக்குள் வரும் பழைய 212-ம் இப்படித்தான் 66-இன் கிளையாகி 766 ஆனது.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. 67 என்ற எண்ணை இப்போது வேறு சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். அது ஹூப்ளி, பெல்லாரி வழியாக நெல்லூர்ப் பக்கம் போகிறது. பழைய கட்டுரையைப் படித்துவிட்டு அந்த எண்ணைத் தேடினால் ஆந்திராவில் போய் நிற்பீர்கள். பழைய 67-க்குத் தொடக்கம் நாகப்பட்டினம், 181-க்குத் தொடக்கம் கோவை. அதனால் பழைய கல்லின் கிலோமீட்டரைப் புது எண்ணோடு சேர்த்துச் சொன்னாலும் இடம் மாறிப்போகும். அடிபட்ட மானையோ, சாலையில் விழுந்த மரத்தையோ பற்றி வனத்துறைக்குத் தகவல் சொல்லும்போது, கல்லில் உள்ள எண், கிலோமீட்டர், ஊர்ப்பெயர் மூன்றையும் பார்த்தபடியே சொல்லுங்கள். மஞ்சள் தலை வைத்த பெரிய கல் கிலோமீட்டருக்கு. இடையில் 200 மீட்டருக்கு ஒன்றாக நிற்கும் சின்னக் கற்களில் 2, 4, 6, 8 என்று மட்டும் இருக்கும். "தெப்பக்காடு தாண்டி" என்பதைவிட "இத்தனையாவது கிலோமீட்டர், 6-ஆம் கல்" என்றால் ஆள் நேராக வந்துவிடுவார்.

இனி 9 மணிப் பலகை. சாமராஜநகர் மாவட்ட நிர்வாகம் 2009 ஜூனில் பந்திப்பூர் வழியாகப் போகும் இரு சாலைகளிலும் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்தைத் தடை செய்தது. எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போய், ஜூலையில் தடை மீண்டும் வந்தது. 2010 மார்ச்சில் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கேரளா உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வண்டிகளுக்கும், எண்ணிக்கை வரையறுத்த சில அரசுப் பேருந்துகளுக்கும் மட்டும் விலக்கு.

தடை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆம் பிரிவின் கீழ் போடப்பட்டது. இப்படித் தடை விதித்தால் உரிய இடங்களில் பலகை வைத்தாக வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. அதனால்தான் செக்போஸ்ட்டில் "பலகையைப் பார்க்கவில்லை" என்ற வாதம் எடுபடாது.

வண்டியை நிறுத்தாதே, இறங்காதே என்ற பலகைகளுக்குப் பின்னாலும் சட்டம் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, அனுமதிச்சீட்டு இல்லாமல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நுழையக்கூடாது. பொதுச்சாலை வழியே கடந்து போகிறவர் உட்படச் சிலருக்கு விலக்கு உண்டு. தேசியப் பூங்காவுக்கும் இதே விதிதான். கடந்து போகும் வரைதான் அந்த விலக்கு உங்களுக்கு. யானையைப் படம் எடுக்க இறங்கி நாலடி உள்ளே வைத்தால் நீங்கள் அத்துமீறி நுழைந்தவர்.

பலகையின் வடிவத்தையும் கவனியுங்கள். சிவப்பு விளிம்பு முக்கோணம் எச்சரிக்கை, வட்டம் கட்டளை. மான் படம் போட்ட முக்கோணத்தைப் பலர் அலங்காரம் போலக் கடந்துவிடுகிறார்கள். சாலையோரப் புதரை வெட்டி வெளி உண்டாக்கினால் ஓரம் நன்றாகத் தெரியும், தீயும் பரவாது. ஆனால் வெட்டிய இடத்தில் மழை விழுந்ததும் இளம்புல் முளைக்கும், அதை மேயப் புள்ளிமான் கூட்டம் தார் விளிம்புக்கே வந்து நிற்கும். ஒன்று குறுக்கே ஓடினால் பின்னாலேயே இன்னும் நாலைந்து வரும். முதல் மான் போனதும் ஆக்சிலரேட்டரை மிதிப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் மான் நகராமல் அப்படியே உறைந்து நிற்கும். பலகை மட்டும் வண்டியின் வேகத்தைக் குறைக்காது என்பதால்தான் இத்தனை வேகத்தடைகள். அவற்றைத் திட்ட வேண்டாம்.

நேரக் கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். கூடலூரை அடுத்த தொரப்பள்ளியிலிருந்து மாநில எல்லையான கக்கநல்லா வரை சுமார் 16 கி.மீ., அங்கிருந்து மேல்காமனஹள்ளி செக்போஸ்ட் வரை சுமார் 13. வேகத்தடைகளோடு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் தொரப்பள்ளியை 8 மணிக்குள் தாண்டியிருக்க வேண்டும். ஊட்டியிலிருந்து கூடலூர் 50 கி.மீ. மலைப்பாதை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். மாலை 5.30-க்கு மேல் ஊட்டியில் டீக்கடையில் உட்காராதீர்கள். கைபேசி வரைபடம் ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டி வழியைக் குறுக்கு வழியாகக் காட்டும். வெளியூர்ப் பதிவெண் வண்டிகளை அதில் கீழே இறங்க விடமாட்டார்கள். எதிர்த் திசையில் நீலகிரிக்குள் நுழைவதற்கு 2024 மே முதல் இ-பாஸ் (இணையத்தில் எடுக்கும் அனுமதிச்சீட்டு) வேண்டும். கக்கநல்லாவில் வரிசையில் நின்றுகொண்டு சிக்னல் தேடாமல் முன்பே எடுத்துவிடுங்கள்.

9 மணிக்கு மேல் மைசூர்–கோழிக்கோடு போயே ஆகவேண்டும் என்றால் ஹுன்சூர், கோணிக்கொப்பா, குட்டா, மானந்தவாடி வழி உண்டு. தூரம் கூடுதல். மைசூரிலிருந்து மானந்தவாடிக்குப் போகும் பாவலி வழியை நம்பிப் போகாதீர்கள். அது நாகரஹொளே காட்டுக்குள் போவதால் மாலை 6 மணிக்கே மூடிவிடுவார்கள். கோவைக்காரர்கள் மாற்றாக நினைக்கும், சத்தியமங்கலம் வழியாகப் போகும் திம்பம் மலைப்பாதையிலும் 2022 முதல் இரவுத் தடை இருக்கிறது.