ஒருமுறை டெங்கு வந்தால் மறுபடி வராதா?

கேள்வி: போன மாரியில் என் 11 வயது மகனுக்கு டெங்கு வந்து சுகமானது. இரத்தப் பரிசோதனையில் ‘ஐ.ஜி.எம். பொசிட்டிவ்’ என்றிருந்தது. எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது, இனி வராது என்று அயலில் சொல்கிறார்கள். நம்பலாமா, டொக்டர்?
– ஒரு தாய், உப்புவெளி, திருகோணமலை

பதில்: பாதிதான் உண்மை, அம்மா.

ஐ.ஜி.எம். என்பது ஒருவகைப் பிறபொருளெதிரி, அதாவது கிருமியை எதிர்க்க உடம்பு சுரக்கும் புரதம். வைரஸ் உள்ளே வந்ததும், பி கலங்கள் எனும் வெண்குருதிக் கலங்களில் அதன் மேற்பரப்போடு பொருந்தக்கூடியவை மட்டும் அதைப் பற்றிக்கொள்ளும். நம் உடம்பிலுள்ள கோடிக்கணக்கான பி கலங்களில் அப்படிப் பொருந்துபவை மிகச் சொற்பம். டி கலங்கள் எனும் வேறு வெண்குருதிக் கலங்கள் கைகொடுத்ததும், பொருந்திய பி கலங்கள் நிணநீர்க் கணுக்களில் மளமளவென்று பெருகும். காய்ச்சலோடு கழுத்தில் நெறி கட்டுகிறதே, பெரும்பாலும் இந்த வேலைதான் அங்கே நடக்கிறது. பெருகியவற்றில் ஒரு பங்கு பிளாஸ்மா கலங்களாக மாறி, ஒவ்வொன்றும் செக்கனுக்கு ஆயிரக்கணக்கில் பிறபொருளெதிரிகளைச் சுரக்கும். இதற்குச் சில நாட்கள் பிடிக்கும். ஆகையால்தான் காய்ச்சல் தொடங்கியவுடன் வைரஸின் புரதமான என்.எஸ்.1ஐத் தேடுகிறோம், ஐ.ஜி.எம். ஏறக்குறைய 5ஆம் நாளில்தான் தலைகாட்டும். பின்னால் வரும் ஐ.ஜி.ஜி. என்ற இன்னொரு வகைப் பிறபொருளெதிரியும், கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுக் கலங்களும் வருடக்கணக்கில் தங்கும்.

ஆனால் டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. மகனுக்கு வந்த வகைக்கு எதிராகத்தான் நீண்டகாலப் பாதுகாப்பு. மற்ற மூன்றுக்கும் அது கொஞ்சக் காலமே. பிறகு வேறு வகை தொற்றினால், பழைய பிறபொருளெதிரிகள் அதில் ஒட்டும், முடக்காது. ஒட்டியிருப்பதைக் கண்டு சில வெண்குருதிக் கலங்கள் வைரஸை விழுங்கும். வைரஸுக்கு அதைவிட என்ன வேண்டும்? உள்ளேயிருந்தே பெருகும். இரண்டாம் டெங்கு கடுமையாவதற்கு வைத்தியர்கள் பெரிதும் ஏற்கும் விளக்கம் இதுதான். 2017இல் உங்கள் மாவட்டத்துக் கிண்ணியா டெங்கால் பட்ட பாட்டை மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு முந்திய வருடங்களில் நாட்டில் 1ஆம் வகையே மேலோங்கியிருந்தது. அந்த வருடம் 2ஆம் வகை. இலங்கை முழுக்க 1 லட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் நோய் கண்டது.

இரண்டாம் முறை எல்லாருக்கும் மோசமாகாது, பயப்படவேண்டாம். காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் வைத்தியரிடம் காட்டி, இரத்தம் பரிசோதியுங்கள். முன்பு டெங்கு வந்ததை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பரசிற்றமோல் மட்டும், வயதுக்கும் நிறைக்கும் ஏற்ற அளவில். புரூபன் (இபுபுரூபன்), அஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல் விடும் நேரந்தான் கவனம்: வயிற்றுவலி, ஓயாத சத்தி, கைகால் குளிர்தல், சிறுநீர் குறைதல், இரத்தக் கசிவு கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பப்பாசி இலைச் சாற்றை நம்பி வீட்டில் நாளைக் கடத்தாதீர்கள். கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல்) கொடுக்கலாம். சிவப்பு, கறுப்புப் பானங்கள் மட்டும் வேண்டாம். பிள்ளை சத்தி எடுத்தால் இரத்தமா, குடித்ததா என்று எங்களுக்கே விளங்காது.