குளித்த பிறகு சொறியும் நாய்: ஷாம்பூவை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: எங்கள் ஷிட்சூவுக்கு நான்கு வயது, எடை ஆறு கிலோ. வாரம் ஒருமுறை குளிப்பாட்டுகிறோம். குளித்த அன்றிரவே சொறியத் தொடங்கி இரண்டு நாள் விடாமல் சொறிகிறது. அக்குளும் தொடை இடுக்கும் சிவந்துபோகின்றன, முதுகில் ஒன்றுமில்லை. குழந்தைகள் ஷாம்பூ உட்பட மூன்று ஷாம்பூ மாற்றிவிட்டோம். இப்படிப்பட்ட தோலுக்கு எதைப் பயன்படுத்துவது?

பதில்: சிவப்பு எங்கே வருகிறது என்று நீங்கள் சொல்லியிருப்பதிலேயே பாதி விடை இருக்கிறது. முதுகில் போடும் ஷாம்பூ வடிந்து அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும்தான் வந்து சேர்கிறது. முதுகில் நுரை போனதும் அலசி முடித்துவிட்டதாக நினைத்துக் கையை எடுத்துவிடுகிறோம். மேலிருந்து இறங்கியதெல்லாம் அடியில் தங்கிவிடுகிறது. அங்கே தோல் தோலோடு உரசும், காற்றும் அதிகம் படாது. ஆகவே நான்காவது ஷாம்பூவைத் தேடும் முன் குளிப்பாட்டும் முறையை மாற்றிப் பாருங்கள்.

குழந்தைகள் ஷாம்பூவை மட்டும் இப்போதே நிறுத்திவிடுங்கள். நம் தோலின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 5.5-ஐ ஒட்டியிருக்கும், நாயின் தோல் பெரும்பாலும் 7-க்கு அருகில். மேல்தோலும் நம்முடையதைவிட மெல்லியது. நாய்களுக்கென்றே செய்த, வாசனையும் நிறமும் சேர்க்காத ஷாம்பூ போதும். கூழ்ம ஓட்ஸ் (மிக நுண்ணியதாக அரைத்த ஓட்ஸ், லேபிளில் colloidal oatmeal) கலந்தது அரிப்புள்ள தோலுக்கு இதமாக இருக்கும். ‘இயற்கை’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்: டீ ட்ரீ எண்ணெய் நாய்களுக்கு நஞ்சு. புதிய ஷாம்பூ எதுவானாலும் சிறிது நீர்த்து, உள்தொடையில் ஒரு நாணய அளவுக்குத் தடவி, ஐந்து நிமிடத்தில் அலசிவிட்டு ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

வேலை தண்ணீரில் தொடங்குவதில்லை, சீப்பில் தொடங்குகிறது. ஷிட்சூவின் முடி வளர்ந்துகொண்டே இருப்பது. காதின் பின்புறம், கழுத்துப்பட்டையின் கீழ், அக்குள் ஆகிய இடங்களில் சிக்கு விழும். சிக்கோடு நனைத்தால் அது கம்பளித் துணி போல இறுகிவிடும். அதற்குள் போன ஷாம்பூ வெளியே வராது, அடியில் தோலும் உலராது. எனவே உலர்ந்த முடியில், நுனியிலிருந்து தொடங்கி வேரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வாருங்கள். சிக்குக்கும் தோலுக்கும் நடுவே முடியை இரு விரலால் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது. ஸ்லிக்கர் பிரஷை (மெல்லிய கம்பிப் பற்கள் கொண்ட பிரஷ்) எவ்வளவு அழுத்தலாம் என்பதை முதலில் உங்கள் முன்கையின் உட்புறத்தில் இழுத்துப் பாருங்கள்; கீறல் விழுந்தால் நாய்க்கும் விழும். ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து முறை இழுப்பதால் வரும் சிவப்பைப் பலர் ஷாம்பூ ஒவ்வாமை என்று எண்ணிவிடுகிறார்கள். பிரிக்க முடியாத சிக்கை வெட்டி எடுப்பதே கருணை. கத்தரிக்கோல் வேண்டாம்; சிக்கோடு தோலும் மடிந்து மேலே வந்திருக்கும், சேர்ந்து வெட்டுப்படும். முடி வெட்டும் மின்கருவியான கிளிப்பர்தான் பாதுகாப்பு.

தண்ணீர் உங்கள் மணிக்கட்டில் சூடாகத் தெரியக் கூடாது. சூடு அரிப்பைக் கூட்டும். முதலில் தோல்வரை நன்றாக நனையுங்கள். உங்கள் நாய்க்கு 15 மில்லி ஷாம்பூவை 150 மில்லி தண்ணீரில் கலந்தால் தாராளம். கெட்டியாக அப்படியே ஊற்றினால் ஊற்றிய இடத்தில் தேங்கும், அதைப் பரப்புவதற்குத் தேய்க்க வேண்டிவரும். விரல் நுனியால், முடி வளரும் திசையிலேயே நீவிவிடுங்கள். எதிர்த்திசையில் பரபரவென்று தேய்க்கும்போது முடிக்கால்கள் புண்படுகின்றன.

கலந்து மிஞ்சியதை அடுத்த வாரத்துக்கு எடுத்து வைக்காமல் கொட்டிவிடுங்கள். நீர்த்த ஷாம்பூவில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளரக்கூடும். அது தேய்த்துப் புண்பட்ட முடிக்கால்களுக்குள் புகுந்தால், குளிப்பாட்டிய ஓரிரு நாளில் முதுகில் கடும் வலியோடு கொப்புளங்கள் வரும், காய்ச்சல் வரும், நாய் சோர்ந்து படுத்துவிடும். அரிதானதுதான், ஆனால் குளித்த மறுநாள் முதுகைத் தொட்டாலே நாய் கத்துகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

அலசுவதற்கு, ஷாம்பூ போட எடுத்த நேரத்தைப் போல இரண்டு பங்கு ஒதுக்குங்கள். கழுத்திலிருந்து பின்னோக்கி, முதுகு முடிந்ததும் விலா, அடுத்து கால்கள். அதன்பின் ஷவர் முனையை வயிற்றுக்கு அடியில் கொண்டுபோய், அக்குள், தொடை இடுக்கு, வால் அடி, கால்விரல் இடுக்குகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையால் விரித்து அலசுங்கள். கண்ணில் படும் நுரையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அக்குளில் முடியை விரலால் பிழிந்து பாருங்கள்: வழுக்கினால் இன்னும் ஷாம்பூ இருக்கிறது. கண்டிஷனர் போட்டாலும் இதே அளவு அலசல் வேண்டும். அலசத் தேவையில்லாத வகை என்றால் மட்டும் விட்டுவிடலாம்.

மருத்துவர் எழுதிக்கொடுத்த குளோர்ஹெக்ஸிடின் (ஒரு கிருமிநாசினி) கலந்தது போன்ற மருந்து ஷாம்பூ என்றால், நீர்க்கும் அளவும் இடைவெளியும் அவர் சொன்னபடி. உடல் முழுக்கத் தடவியபின் பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து விட்டுவைக்க வேண்டும். உடனே அலசினால் மருந்து வேலை செய்யாது. நாய் நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

துவட்டும்போது துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ட்ரையரைச் சூடில்லாமல், முடிந்தவரை தள்ளிப் பிடித்து, நகர்த்திக்கொண்டே இருங்கள். மறு கையை நாயின் தோல்மேலேயே வைத்திருந்தால் சூடு ஏறுவது முதலில் உங்களுக்குத் தெரியும். மேல்முடி உலர்ந்ததும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமான தவறு: அடியில் ஈரம் நின்றால் ஒரே இரவில் ஈரப்புண் வரலாம். முடியைப் பிரித்து வேரைத் தொட்டுப் பாருங்கள்.

முடி வெட்டுவது நன்றாக உலர்ந்த பிறகே. கிளிப்பர் பிளேடை நான்கைந்து நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்தி ஆறவிடுங்கள் அல்லது வேறு பிளேடு மாற்றுங்கள். வயிற்றிலும் இடுக்கிலும் 10-ஆம் எண் பிளேடைவிடக் குட்டையாகப் போக வேண்டாம். அதுவே 1.5 மில்லிமீட்டர் முடியைத்தான் விட்டுவைக்கும். தோலை இன்னொரு கையால் லேசாக இழுத்துப் பிடித்தால் மடிப்பு பிளேடில் மாட்டாது.

வாரம் ஒருமுறை குளியல் தன்னளவில் தவறில்லை. ஆனால் தோல் அமைதியாகும்வரை மூன்று, நான்கு வாரத்துக்கு ஒன்றாகத் தள்ளிவைத்து, நடுவில் ஈரத்துணியால் பாதங்களையும் வயிற்றையும் துடைத்து உலர்த்துங்கள். புல்லிலும் மண்ணிலும் நடந்துவந்த நாய்க்கு இந்தத் துடைப்பு குளியலைவிட அதிகமாக உதவுவதுண்டு. தெள்ளுப்பூச்சிக்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம்.

இந்த முறையில் இரண்டு மூன்று குளியல் ஆன பிறகும் சொறிந்தால் காரணம் பெரும்பாலும் குளியல் அல்ல. வால் அடியிலும் பின்தொடையிலும் கடித்துக்கொண்டால் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமையைச் சந்தேகிக்கலாம். பாதம் நக்குவதும் காது அரிப்பதும் முகம் தேய்ப்பதும் சேர்ந்து வந்தால் சூழல் அல்லது உணவு ஒவ்வாமை இருக்கலாம். பிசுபிசுப்பும் புளித்த வாடையும் பூஞ்சையின் அடையாளம். இவற்றில் ஒன்றையும் சாதாரண ஷாம்பூ தீர்க்காது. கால்நடை மருத்துவரிடம் போகும் முன் மூன்று நாள் குளிப்பாட்டாதீர்கள். கழுவிய தோலில் எடுக்கும் மாதிரியில் கிருமிகள் தெரியாமல் போகலாம். பயன்படுத்திய மூன்று ஷாம்பூக்களின் பின்பக்க லேபிளையும் படமெடுத்துக்கொண்டு போங்கள்.