துருவன் பாவப்பட்ட பிள்ளையா?

கேள்வி: என் இரண்டு மாதப் பையனுக்கு 'த்ருவ்' என்று பெயர் வைக்க ஆசை. "அப்பன் மடியில இடமில்லாம காட்டுக்குப் போன பிள்ளை பேரையா வைப்பாங்க?" என்கிறார் மாமியார். என்ன செய்வது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாக வையுங்கள். உங்கள் மாமியார் சொல்வதும் பொய்யில்லை, ஆனால் கதையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார். பாகவதத்தில் வரும் துருவனுக்கு ஐந்து வயது. உத்தானபாத ராஜாவின் மடியில் ஏறப் போனவனைச் சிற்றன்னை சுருசி தடுத்துவிட, பெற்ற தாய் சுநீதி அழுதுகொண்டே 'பெருமாளைப் போய்க் கேள்' என்கிறாள். அவனும் கிளம்பிவிடுகிறான். வழியில் நாரதர் மந்திரம் சொல்லிக்கொடுக்கிறார், யமுனைக் கரை மதுவனத்தில் தவம், ஆறு மாதத்துக்குள் பெருமாளே நேரில் வந்து நிற்கிறார். பிள்ளைக்குப் பேச வாய் வரவில்லை, அவர் சங்கால் கன்னத்தைத் தொட்ட பிறகுதான் துதிக்கவே ஆரம்பிக்கிறான் (எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்). ஊர் திரும்பினால் அதே அப்பா ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். கடைசியில் பெருமாளின் உலகத்துக்கு அழைத்துப்போக விமானம் வரும்போது, 'அம்மாவை விட்டு எப்படிப் போவது' என்று யோசிக்கிறான், பார்த்தால் சுநீதி இவனுக்கு முன்னாலேயே போய்க்கொண்டிருக்கிறாள். இந்தக் கட்டத்தை மாமியாருக்குச் சொல்லிப் பாருங்கள்.

பெயருக்குப் பொருள் நிலையானவன், அசையாதவன். களத்து முளையைச் சுற்றி மாடுகள் போரடிப்பது போல மற்ற நட்சத்திரங்கள், வானத்தில் துருவ நட்சத்திரமாகிவிட்ட அவனைச் சுற்றுகின்றன என்று பாகவதமே சொல்கிறது. வடதுருவம், தென்துருவம் என்று பள்ளிப் பாடத்தில் நாம் படித்ததும் இதே சொல்தான்.

எனக்கு இருக்கும் ஒரே யோசனை, எழுதுவது பற்றி. தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது, அதனால் 'த்ருவ்' என்று எழுதினால் ஒரு டீச்சர் 'துருவ்' என்பார், இன்னொருவர் 'திருவ்' என்பார். 'துருவன்' என்றே எழுதிவிடுங்கள், வாயிலும் நன்றாக உட்காரும். என்ன, வகுப்பில் ரெண்டு வாலுப் பிள்ளைகள் 'தேங்காய்த் துருவல்' என்று கூப்பிடத்தான் செய்வார்கள், அதற்கெல்லாம் பயந்தால் எந்தப் பெயரும் வைக்க முடியாது.

அப்புறம், ஆங்கில எழுத்துகளை இப்போதே முடிவு செய்து, பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் ஒரே மாதிரி கொடுங்கள். சான்றிதழில் பெயர் சேர்க்க ஓராண்டு வரை கட்டணம் கிடையாது, மாமியாரைச் சமாதானப்படுத்த அது போதும்.