பூவும் பாட்டும் ஒரு பங்குச்சாமியாரும் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவின் பழங்குடி மக்களான ஆஸ்டெக்குகளின் பாடல்களைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். அவற்றை உலகத்துக்குக் காட்டியவர் என்று மெக்சிகோ பாதிரியார் ஆங்ஹெல் மரியா கரிபாயைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள். அந்த மக்களின் ஏடுகளை எரித்ததே பாதிரிமார்கள்தானே? பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்காத ஒரு பாதிரியாரின் மொழிபெயர்ப்பை எப்படி நம்புவது? அப்புறம் ஒரு சின்னச் சந்தேகம். அந்த மக்களின் மொழியான நாவாட்லிலிருந்து வந்த சொல் ஏதாவது தமிழில் இருக்கிறதா?

க., திருச்சி

அன்புள்ள க.,

எரித்தது உண்மை. ஏடுகளை மட்டுமல்ல, ஆளையும் எரித்தார்கள். 1539ல் மெக்சிகோ பிஷப் சுமாரகாவின் விசாரணைக்குப் பிறகு தீயில் செத்த டெஸ்கோகோ நகரத்துப் பிரபு டான் கார்லோஸ் வேறு யாருமில்லை, கவியரசன் என்று இன்று எல்லோரும் புகழ்கிற நெசவல்கோயோட்லின் பேரன். அதற்கு மூன்றே வருஷம் முன்னால் அதே திருச்சபைதான் மெக்சிகோ நகரத்து ட்லாடெலோல்கோவில் நாவா (நாவாட்ல் பேசும் மக்கள்) பையன்களுக்கு லத்தீன் சொல்லிக்கொடுக்கக் கல்லூரி திறந்தது. அங்கே படித்தவர்களை வைத்துக்கொண்டுதான் சஹகூன் பாதிரியார் அந்த மக்களின் வாழ்க்கையைப் பற்றிப் பன்னிரண்டு புத்தகங்களை நாவாட்லிலேயே எழுதவைத்தார். இதற்கு அது சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இந்தக் கணக்கை அதற்கு 350 வருஷம் கழித்து வந்தவர் தலையில் கட்டுவானேன்?

கரிபாய் 1892ல் டோலுகாவில் பிறந்து 1917ல் குருப்பட்டம் வாங்கியவர். படித்ததெல்லாம் செமினரியில், அதாவது குருமடத்தில். லத்தீன், கிரேக்கம், எபிரேயம் தெரியும். நடுவில் சில வருஷம் செமினரி வாத்தியார் வேலையை விட்டால், ஐம்பது வயதை நெருங்கும் வரை ஊர் ஊராகப் பங்குச்சாமியார்தான். ஹிலோடெபெக்கில் இருந்தபோது அங்குள்ளவர்கள் பேசிய ஒடோமி மொழியைக் கற்றுக்கொண்டார். அப்புறம் தெயோடிவாகன் பிரமிடுகளுக்குப் பக்கத்து ஊரான சான் மார்ட்டின், இன்னும் சில ஊர்கள், கடைசியாக ஓடும்பா. பாவசங்கீர்த்தனம் கேட்கிறவருக்கு ஜனங்கள் பேசுவது புரிந்தாக வேண்டுமே, எந்தப் பல்கலைக்கழகத்தில் இப்படிக் காது பழகும், சொல்லுங்கள். அவருடைய நாவாட்ல் இலக்கணப் பாடநூல் 1940ல் அந்த ஓடும்பாவிலிருந்துதான் வந்தது.

அவர் கண்டு சொன்னதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாவாட்லில் ஒரு விஷயத்தைச் சொல்ல இரண்டு பொருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். 'இன் ஷோச்சிட்ல், இன் க்விகாட்ல்', அதாவது பூ, பாட்டு. இரண்டும் சேர்ந்தால் கவிதை. 'இன் ஆட்ல், இன் தெப்பெட்ல்', தண்ணீர், மலை. சேர்ந்தால் ஊர். பாவாடை, ரவிக்கை என்றால் பெண். இதற்கு ஒரு பெயர் வைத்து, இதுதான் இந்த மொழியின் நடை என்று காட்டியவர் கரிபாய். இது தெரியாமல் அந்தப் பாடல்களைப் படித்தால் வெறும் பூவும் தண்ணீருமாகத்தான் தெரியும்.

நம்பலாமா என்ற கேள்விக்கு என் பதில்: கண்ணை மூடிக்கொண்டு வேண்டாம். எஸ்கிலஸ், சோஃபக்ளிஸ், யூரிப்பிடிஸ் என்ற கிரேக்க நாடகாசிரியர்கள் மூன்று பேரையும் ஸ்பானிஷில் கொண்டுவந்த மனிதர் அவர். நாவாட்லையும் அதே காதால் கேட்டார். அவருக்கு அதிலும் காவியம், நாடகம், தனிப்பாடல் எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. மூலச்சுவடி அப்படி இல்லை. 'டிகோ டிகோ டோகோ டோகோ' என்று நம் சொற்கட்டு மாதிரி மத்தள ஒலி எழுதியிருக்கும், நடுநடுவே 'ஓவாயா ஓவாயா' என்று அர்த்தமில்லாத இழுப்பு வரும், எல்லாம் ஆடிப் பாடினது. அதை அவர் வரி பிரித்து, அமைதியாக உட்கார்ந்து படிக்கிற கவிதையாக்கிவிட்டார். பாடல்களில் வரும் கிறிஸ்தவப் பெயர்களையும் பின்னால் யாரோ செருகியது என்று ஒதுக்கினார். 1985ல் இதே பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜான் பியர்ஹார்ஸ்ட், இவை ஸ்பானியர் காலத்தில் முன்னோர் ஆவிகளைக் கூப்பிட்ட பாட்டுகள் என்று அடியோடு மாற்றிச் சொன்னார். அது மறுகோடி, எனக்கு ஒப்பவில்லை. ஆனால் கரிபாயிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். எனக்குப் படுவது இதுதான்: இந்தப் பாடல்களைக் கிரேக்கத்துக்குச் சமமாக மதிக்க அவரால் முடிந்ததும், அவற்றைக் கிரேக்கமாகவே கேட்டுவிட்டதும் ஒரே குணம். போன வாரமே இதை எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன்.

நாவா தத்துவத்தை ஆராய ஆசைப்பட்டு அவரிடம் வந்தார் மிகேல் லியோன் போர்ட்டில்யா என்ற இளைஞர். கரிபாய் கேட்ட முதல் கேள்வி, நாவாட்ல் தெரியுமா? தெரியாது. கிரேக்கம் தெரியாமல் கிரேக்கத் தத்துவத்தில் கைவைப்பாயா என்று கேட்டு, முதலில் மொழியைப் படிக்கச் சொன்னார். பையன் படித்தான். 1956ல் அந்த ஆய்வை முடித்தார், 2019ல் 93 வயதில் சாகும் வரை நாவாட்லை விடவில்லை.

உங்கள் சின்னச் சந்தேகத்துக்கு வருகிறேன். சாக்லேட்டும் அவகாடோவும் ஆங்கிலம் வழியாக வந்தவை, விடுங்கள். சப்போட்டா இருக்கிறதே! மெத்தென்று இனிக்கிற பழங்களுக்கு நாவாட்லில் 'ட்சபோட்ல்'. அந்தக் கடைசி 'ட்ல்' ஸ்பானியர் வாயில் நுழையாமல் 'சபோட்டே' ஆகி, நம்மிடம் வந்து சப்போட்டா. நேற்று ஒரு கிலோ வாங்கினேன், பாதி காய். அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.