ஜன்னலைச் சாத்துகிறவர்கள் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

காலநிலை மாற்றம் பற்றிப் படிக்கப் படிக்கத் தூக்கம் போய்விட்டது. பைக்கை விட்டுப் பஸ்ஸுக்கு மாறினேன். இறைச்சியையும் நிறுத்திவிட்டேன். ‘பூமி எப்போதும் சூடாகிக் குளிர்ந்துகொண்டுதானே இருக்கிறது’ என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். நான் ஒருவன் மாறி என்ன ஆகப்போகிறது? எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

கே.

அன்புள்ள கே.,

நண்பர்களை விடுங்கள். கரியமில வாயு கூடினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896லேயே ஸ்வீடன் விஞ்ஞானி அர்ரீனியஸ் கணக்குப் போட்டுவிட்டார். ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958ல் அந்த வாயுவை அளக்கத் தொடங்கியபோது காற்றில் பத்து லட்சத்துக்கு 315 பங்கு இருந்தது, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. போதும்.

பஸ், இறைச்சி எல்லாம் நல்லதுதான். ஆனால் உங்கள் கடிதத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கடைசி வரியில்தான் வருகிறார்கள், அதுவும் நீங்கள் பாடம் நடத்த வேண்டிய மாணவர்களாக. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

கடிதம் வந்தபோது நான் என் பெரியம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். மேல்மாடியில் தனியாக இருந்தார். ஒரு கொடுங்கோடையில் இரவு ஒன்பது மணிக்குப் போனேன். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. சுவரில் கை வைத்தால் அணைத்த அடுப்பின் பக்கத்துச் சுவர் மாதிரி சுட்டது. பகல் முழுக்கக் குடித்த வெயிலைக் கான்கிரீட் ராத்திரியில்தான் கக்கும். மின்விசிறி அந்த அனலையே சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருந்தது.

“ஏன் பெரியம்மா சாத்தி வச்சிருக்கீங்க?”

“திருடன் வருவான்டா.”

“தண்ணி குடிச்சீங்களா?”

“குடிச்சா ராத்திரி எழுந்திரிக்கணுமே.”

நான் அங்கே போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

1995 ஜூலையில் சிகாகோவில் வெப்ப அலை 700க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. நிறைய பேர் இப்படித்தான் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனியாக இருந்த முதியவர்கள். எரிக் கிளைனென்பெர்க் என்ற சமூகவியலாளர் அங்கே ஒட்டியிருந்த இரண்டு பகுதிகளை ஒப்பிட்டார். இரண்டிலும் வறுமை, இரண்டிலும் தனியாக வாழும் கிழவர்கள். ஒன்றில் லட்சத்துக்கு 40 பேர் செத்தார்கள், மற்றதில் 4 பேர். கடையும் ஆள்நடமாட்டமுமாக இருந்த தெருவில் கிழவர்கள் வெளியே இறங்கினார்கள். பாதி வீடு காலியாகி வெறிச்சோடிய தெருவில் இறங்கவில்லை. இரண்டு தெருவிலும் வெயில் ஒன்றுதான் ஐயா!

வங்கக் கடலோரத்தையும் பாருங்கள். 1970 புயலில், இன்றைய வங்கதேசத்தில், சுமார் 3 லட்சம் பேர் போனார்கள். 2007ல் வந்த சிதர் புயலில் இறந்தவர்கள் சில ஆயிரம். அதுவே பெரிய துயரம்தான், ஆனால் வித்தியாசத்தைக் கவனியுங்கள். செயற்கைக்கோளும் புயல் காப்பகங்களும் வந்திருந்தன, சரி. வானத்தில் தெரிந்த சேதியை வாசல்வரை கொண்டுபோனவர்கள் யார்? கையில் ஒலிபெருக்கியோடு ஊர் ஊராகப் போன தன்னார்வலர்கள். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறாள் என்று உள்ளூர்க்காரனுக்குத்தானே தெரியும்?

நிலக்கரியை நிறுத்தச் சொல்லி அரசாங்கங்களோடு சண்டை போடத்தான் வேண்டும், அதற்கும் நாலு பேர் சேர வேண்டும். புரியவைப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மாடிப்படியில் தனியாக இருப்பவர் யார், அவருடைய தொலைபேசி எண் யாரிடம் இருக்கிறது என்று முதலில் எனக்கு எழுதுங்கள்.

அன்று ஜன்னல்களைத் திறந்துவிட்டு அங்கேயே படுத்தேன். விடிந்ததும் பெரியம்மா முதல் வேலையாக அவற்றைச் சாத்தினார். கிளம்பும்போது எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சாவியைக் கொடுத்து, அவ்வப்போது எட்டிப் பார்க்கச் சொன்னேன். அந்த அம்மாள் தயங்காமல் வாங்கிக்கொண்டு, “சரி, அவங்க பேர் என்ன?” என்றார்.