வேலையில் நிறைவா, தேக்கமா? கேள்வி பதில்

ஓசூர் சிப்காட்டில் 31 வருஷம் மெஷின் ஷாப்பில் இருந்தேன். கடைசி 8 வருஷம் புதுசா சேர்றவங்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். வந்த கேள்விகளில் நாலுக்கு இங்கே பதில்.

"அண்ணே, சி.என்.சி. (கம்ப்யூட்டர் மூலமா ஓடற வெட்டு மெஷின்) ஆபரேட்டர், ஒரே கம்பெனியில் 9 வருஷம். வேலை பிடிச்சிருக்கு. மச்சான் 'தேங்கிட்டே'ங்கிறார். எப்படித் தெரிஞ்சுக்கறது?" (ஓசூர்)

வருஷத்தை எண்ணித் தெரியாது தம்பி. ஷிஃப்ட் ஏறினதும் முதல் பீஸை என்ன பண்றீங்க? எண்ணெயைத் துடைச்சு, மைக்ரோமீட்டர் வச்சு, ராட்செட் சத்தம் கேக்கற வரைக்கும் திருகி அளவு பாக்கறீங்களா? இல்ல, நேத்து சரியாத்தானே வந்துச்சுன்னு பட்டனை அழுத்திடறீங்களா?

எனக்கு இது பட்டுத்தான் தெரிஞ்சது. சேர்ந்து 11ஆவது வருஷம், நல்ல பேரு. ஒருநாள் மெஷினில் இரும்பை வெட்டற இன்சர்ட் முனை தேஞ்சு வெட்டற சத்தமே மாறிடுச்சு. காதில் விழுந்தும் மனசு வாங்கிக்கல. 60 ஷாஃப்ட் விட்டம் கூடி ரீவொர்க்குக்குப் போச்சு. அதுவரைக்கும் நிறைவா இருக்கேன்னுதான் நினைச்சிருந்தேன். நிஜமாவே நிறைவா இருந்திருந்தா அந்தச் சத்தத்துக்கு மெஷினை நிறுத்தியிருப்பேன்.

"ஐயா, மாங்கூழ் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. சம்பளம், பஸ், எதுலயும் குறையில்ல. ஆனா காலையில் கிளம்ப மனசு வரல. நான் நன்றி கெட்டவளா?" (கிருஷ்ணகிரி)

இல்லவே இல்லம்மா. அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் சுமார் 200 இன்ஜினியர்கள், கணக்காளர்கள்கிட்ட பேசி 1959இல் ஒண்ணு சொன்னார்: சம்பளம், மேலதிகாரி, வசதியெல்லாம் சரியா இருந்தா மனக்குறை போகும், அவ்வளவுதான். நிறைவு வர்றது செய்யற வேலையிலிருந்தும் பொறுப்பிலிருந்தும். உங்களுக்குக் குறை இல்ல, நிறைவும் இல்ல.

சீசன்ல ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு கூழை வச்சு பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு, பாத்து எழுதறீங்க. பெங்களூரா ரக மாங்கூழ் 14க்குக் கீழே இறங்கினா, எந்தத் தோப்புக் காய், எத்தனை நாள் பழுக்க வச்சதுன்னு தேடிப் போனீங்களா? அந்தக் கணக்கை அடுத்த சீசன்ல நான் பாத்துக்கறேன்னு கேட்டு வாங்குங்க. அப்பவும் மனசு ஒட்டலைன்னா தயங்காம வேற வேலை தேடுங்க.

"சூப்பர்வைசர் பதவி வேண்டாம்னுட்டேன். அம்மாவுக்கு உடம்பு முடியல, நைட் ஷிஃப்ட் ஆகாது. தப்பா?" (பாலக்கோடு)

தப்பே இல்ல. காரணம் தெரிஞ்சு விட்டிருக்கீங்க. அம்மா தேறினதும் மறுபடி கேளுங்க, அவ்வளவுதான்.

"வீட்டுக்காரர் 15 வருஷமா ஒரே மளிகை மண்டியில் கணக்கு எழுதறார். 'திருப்தியா இருக்கேன்'ங்கிறார். பொண்ணு அடுத்த வருஷம் காலேஜ்." (தருமபுரி)

அவர் திருப்தி வேற, வீட்டுத் தேவை வேறம்மா. ரெண்டையும் கலந்து அவரைச் சோம்பேறின்னு மட்டும் சொல்லிடாதீங்க, மனசு விட்டுப்போகும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தப்போ என்ன பண்ணினார்? உக்காந்து கத்துக்கிட்டு ரிட்டர்ன் போட ஆரம்பிச்சிருந்தா, அவர் தேங்கல. அந்தக் கைக்குச் சாயங்காலம் இன்னும் ரெண்டு கடைக் கணக்கு கிடைக்கும். காலேஜ் ஃபீஸ், ஹாஸ்டல், பஸ் எல்லாத்தையும் ஒரு தாளில் எழுதி அவர் முன்னாடி வைங்க. கூட்டிப் பாக்கறதை அவர்கிட்டயே விட்டுடுங்க.