போட்டோ ஸ்டூடியோவுக்குப் பெரிய இன்க்ஜெட் பிரிண்டர்: 17 இன்ச்சா, 24 இன்ச்சா?

கேள்வி: சின்ன ஊரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பெரிய சைஸ் படங்களை இதுவரை லேபுக்கு அனுப்பித்தான் வாங்குகிறேன். சொந்தமாக ஒரு பெரிய இன்க்ஜெட் பிரிண்டர் வாங்கலாமா? 17 இன்ச் போதுமா, 24 வேண்டுமா? எப்சனா, கேனனா?

பதில்:

கும்பகோணம் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். பெரிய பிரிண்டர் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இப்போது ஓடுவது இரண்டாவது மெஷின். நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் ஒன்று கேட்க வேண்டும்: ஆடியிலும் மார்கழியிலும் உங்களுக்குப் பிரிண்ட் வேலை இருக்குமா?

முதல் மெஷினை இழந்தது ஆடியில்தான். ஆனி முகூர்த்தம் எல்லாம் முடிந்து, இனி ஒரு மாதத்துக்குக் கல்யாணம் இல்லை, சும்மா கரண்ட் எதற்கு என்று மெயின் ஸ்விட்ச்சையே அணைத்துவிட்டேன். ஆவணியில் ஆன் செய்து நாசில் செக் (இங்க் வரும் நுண்துளைகள் அடைத்திருக்கிறதா என்று காட்டும் சோதனைக் கோடுகள்) எடுத்தால் மெஜந்தாவில் பாதிக் கோடுகள் இல்லை, லைட் சயான் சுத்தமாக இல்லை. இங்க்கைப் பேப்பரில் தெளிக்கும் ஹெட்டுக்குக் கிளீனிங் போட்டேன், திரும்பவும் போட்டேன். போட்ட ஒவ்வொரு தடவையும் நல்ல இங்க் எல்லாம் கழிவு டேங்குக்குப் போனதுதான் மிச்சம். கடைசியில் ஹெட்டை மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டதும் புது மெஷினுக்கே போய்விட்டேன். கையில் நான்கு கல்யாண ஆர்டர்கள் இருந்த நேரம் அது.

பிக்மென்ட் இங்க் என்பது தண்ணீரில் மிதக்கும் மிக நுண்ணிய வண்ணத் தூள். மெஷின் சும்மா நின்றால் தூள் அடியில் தங்கும். தலைமுடியைவிட மெல்லிய நாசில் துளையில் தண்ணீர் வற்றி, மிச்சம் இறுகிவிடும். அதனால் வேலை இருக்கிறதோ இல்லையோ, வாரம் இரண்டு தடவையாவது எல்லா நிறமும் வரும் ஒரு ஏ4 படத்தை அடித்துவிடுங்கள். மெயின் ஸ்விட்ச்சை அணைக்க வேண்டாம். என் கேனன் ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதே இங்க்கைக் கலக்கி, நாசிலையும் பார்த்துக்கொள்கிறது. மாதத்துக்கு ஐந்தாறு பெரிய படம்தான் வரும் என்றால் லேபையே வைத்துக்கொள்ளுங்கள். மனதாரச் சொல்கிறேன், அதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

கரண்ட் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். பட்டனை அழுத்தி அணைத்தால் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும். பிரிண்ட் ஓடும்போது கரண்ட் போனால் ஹெட் திறந்தபடி நடுவழியில் நின்றுவிடும். நம் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் இந்த மெஷினை வைக்கவே கூடாது. அறையையும் அடைத்து வையுங்கள். ஆடிக்காற்றில் வரும் புழுதி பேப்பர் ரோல் மேல் படிந்தால், தூசு இருந்த இடம் படத்தில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

சரி, அளவுக்கு வருவோம். 17, 24 என்பது மெஷினில் போகும் பேப்பரின் அகலம். போன வருட ஆர்டர் நோட்டை எடுத்து எந்த ஃபிரேம் அதிகம் போயிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 12x18-உம் 16x20-உம்தான் பெரும்பாலும் என்றால் 17 இன்ச் தாராளம். 20x30 அடிக்கடி வந்தால் 24 இன்ச்தான். 24 இன்ச் ரோலில் இரண்டு 12x18-ஐப் பக்கத்தில் பக்கத்தில் போடலாம், 16x24-ஐக் குறுக்கே போடலாம், பேப்பர் வீணாகாது. 24 மெகாபிக்சல் கேமராவின் 6000x4000 படத்தை 20x30-க்கு ஏற்றினால் இன்ச்சுக்கு 200 பிக்சல் கிடைக்கும். சுவரில் மாட்டிப் பார்க்க அது போதும். 44 இன்ச்சைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம்.

கல்யாண ஆல்பத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 12x36 ஷீட்டுகளை லேபில் அடித்து பைண்டிங்கோடு தரும் விலைக்கு நம்மால் தர முடியாது. ஃபிரேம், கேன்வாஸ், பழைய படத்தைப் பெரிதாக்குவது, இவைதான் நம் மெஷினுக்கான வேலை.

வாங்கும் விலையைவிட இங்க் கணக்கு முக்கியம். எப்சன் பி900-உம் பி5000-உம் 17 இன்ச்தான். ஆனால் முன்னதில் கார்ட்ரிட்ஜ் 50 மில்லி, பின்னதில் 200 மில்லி. கேனன் புரோ-1000-இல் 80 மில்லி. 24 இன்ச் புரோ-2100-க்கு 160, 330, 700 என்று மூன்று அளவில் கிடைக்கிறது. டீலரிடம் விலை வாங்கி மில்லிக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், சின்ன கார்ட்ரிட்ஜ் எவ்வளவு கடிக்கிறது என்று தெரியும். என் மெஷினில் 20x30 ஒன்றுக்கு 5 மில்லி அளவுக்குப் போகிறது. கூடவே வரும் முதல் செட்டை நம்பி லாபக் கணக்குப் போடாதீர்கள், குழாய்கள் நிரம்பவே அதில் கணிசமாகப் போய்விடும்.

எப்சனா கேனனா என்றால், படத்தின் தரத்தில் இரண்டுமே அருமை. வித்தியாசம் ஹெட்டில் இருக்கிறது. கேனன் இங்க்கைச் சூடாக்கிக் குமிழியால் தள்ளுகிறது. அந்த ஹெட் நாளடைவில் தேயும், ஆனால் நாமே கழற்றி மாட்டலாம். எப்சனில் மின்சாரம் பட்டால் வளையும் பீசோ தகடு இங்க்கைத் தள்ளுகிறது. அது நீடித்து உழைக்கும், ஆனால் கெட்டால் சர்வீஸ் ஆள்தான் வர வேண்டும். ரோல் வேண்டுமா என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். புரோ-1000-இல் ரோல் போட முடியாது, பி900-க்கு ரோல் யூனிட்டைத் தனியாக வாங்க வேண்டும். க்ளாஸி பேப்பரில் பிக்மென்ட் இங்க் விழுந்த இடமும் விழாத இடமும் சாய்த்துப் பார்த்தால் வேறு வேறாக மினுங்கும். அதைச் சமன் செய்ய கேனனில் நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. நான் 24 இன்ச் கேனன் எடுத்ததற்கு ஹெட்டை நானே மாற்றலாம் என்பதுதான் காரணம். உங்கள் ஊருக்கு எப்சன் சர்வீஸ் ஆள் அதே நாளில் வருவார் என்றால் தயங்காமல் எப்சன் எடுங்கள்.

எப்சன் எல்1800 மாதிரி ஆறு கலர் டை இங்க் (தூளாக மிதக்காமல் கரைந்தே இருக்கும் சாயம்) பிரிண்டர் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். க்ளாஸியில் பளிச்சென்று வரும், உண்மைதான். ஆனால் டை இங்க் வெயில் வெளிச்சம் படும் சுவரில் சீக்கிரம் வெளுக்கும். கருப்பு வெள்ளையில் இன்னொரு சிக்கல். அதில் சாம்பல் நிற இங்க் இல்லை, கலர்களைக் கலந்துதான் சாம்பல் வருகிறது. ட்யூப்லைட்டில் பச்சை தட்டும், பல்பு வெளிச்சத்தில் சிவப்பு தட்டும்.

இது நமக்குச் சின்ன விஷயம் இல்லை. அப்பா தவறிவிட்டார், பதினாறாம் நாளுக்குள் 16x20-இல் வேண்டும் என்று பழைய குரூப் போட்டோவில் விரல்நகம் அளவு இருக்கும் முகத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தப் படம் கூடத்தில் முப்பது வருடம் மாலையோடு நிற்கப்போவது. அதில் முகம் பச்சையாகத் தெரியக் கூடாது. நான் மேலே சொன்ன பிக்மென்ட் மெஷின்கள் எல்லாவற்றிலும் கருப்போடு இரண்டு சாம்பல் இங்க்காவது தனியாக இருக்கிறது. இந்த ஒரு வேலைக்காகவே நான் பிக்மென்ட் பக்கம் நிற்கிறேன்.

டெமோ பார்க்கப் போகும்போது கம்பெனி வைத்திருக்கும் மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு வராதீர்கள். பென்டிரைவில் உங்கள் படம் மூன்று கொண்டுபோங்கள். அரக்கு நிறப் பட்டில் மாநிறப் பெண் ஒருத்தி, கருங்கூந்தலில் மல்லிகையோடு: முடி இழை இழையாகத் தெரிகிறதா, பூவின் வெள்ளை வெளிறாமல் இருக்கிறதா, தோல் மஞ்சள் தட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது மயில்கழுத்து நிறப் புடவை. அந்த நீலப்பச்சை வழக்கமான ஜேபெக்கின் எஸ்ஆர்ஜிபி நிற எல்லைக்குள் பெரும்பாலும் அடங்காது, கேமராவின் ரா ஃபைலிலிருந்து அதைவிட அகலமான அடோபி ஆர்ஜிபியில் எடுத்த ஃபைலாகக் கொடுங்கள். மூன்றாவது ஒரு பெரியவரின் கருப்பு வெள்ளை முகம். நீங்கள் வாங்கப்போகும் அதே பேப்பரில், அந்தப் பேப்பருக்கான கலர் புரொஃபைலோடு (அந்தப் பேப்பரில் நிறம் சரியாக வர உதவும் ஃபைல்) அடிக்கச் சொல்லி, கையோடு எடுத்து வாருங்கள். அன்றைக்கே முடிவு சொல்லாதீர்கள். மூன்றையும் வீட்டு ட்யூப்லைட்டில் ஒரு தடவை, காலை பத்து மணி வெளிச்சத்தில் வாசலில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு டீலருக்குப் போன் செய்யுங்கள்.